மொறுமொறு கோழியும் வெல்லப்பாகும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

மேலே பிளேன் போறப்ப மட்டும் நிறுத்திக்கிறேன். நம்ம பொழிச்சலூர்ல அது இல்லாம கூட்டம் ஏது?

போன கூட்டத்துல நம்ம சாயங்காலக் கடையைப் பத்திப் பேச்சு வந்தது. இனிப்புக் காரக் கோழி போடலாம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டோம். விலை 60 ரூபாயா 90 ரூபாயா, கலர் பொடி போடலாமா வேண்டாமா, இந்த ரெண்டுலதான் சத்தம் வந்தது. அதனால செஞ்சு பார்த்து கணக்கு எழுதி வந்து சொல்லச் சொன்னாங்க. அதைத்தான் சொல்லப் போறேன்.

இந்தப் பண்டம் நமக்கு ரொம்பப் புதுசு ஒண்ணும் இல்லை. பொரிச்ச கோழிக்கு மெட்ராஸே பேர் போன ஊர். அண்ணாசாலை புகாரி ஓட்டல்ல 1965-ல போட்டதாலதான் சிக்கன் 65-னு பேர் வந்ததா அந்த ஓட்டல்காரங்க சொல்றாங்க. 65 மிளகாய், 65 நாள் கோழி எல்லாம் கதை கட்டினது. நம்ம மகளிர் குழுக்கள் 2024 டிசம்பர்ல மெரினாவுல உணவுத் திருவிழா போட்டாங்க இல்லையா, அங்கேயும் கோழிக்குத்தான் நல்ல கூட்டம்.

இனிப்பும் காரமும் பாகு மாதிரி மேல பூசுறது மட்டும் கொரியாக்காரங்க பழக்கம். இருங்காட்டுக்கோட்டையில 1990-கள்ல ஹூண்டாய் கார் கம்பெனி வந்ததிலிருந்து கொரியாக்காரங்க குடும்பத்தோட சென்னையில இருக்காங்க, அவங்க சாப்பாட்டுக் கடையும் இருக்கு. இப்ப நம்ம வீட்டுப் பொண்ணுங்களும் போன்ல அந்த நாட்டு நாடகம் பார்த்துட்டு "அம்மா, அந்தச் சிவப்புக் கோழி செஞ்சு குடு"ன்னு கேக்குதுங்க. அவங்க மிளகாய்ப் பொடி, அரிசி, புளிக்க வெச்ச சோயா எல்லாம் சேர்த்து ஒரு விழுது பண்ணி, அதுல தானியப் பாகு விட்டு கிளறுவாங்க. அந்த விழுது டப்பா இங்கே வாங்கினா விலை கட்டாது. யோசிச்சுப் பார்த்தா மிளகாய் அவங்க ஊருக்கும் வந்த சரக்கு, நம்ம ஊருக்கும் வந்த சரக்கு. பாகு காய்ச்ச நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அதிரசம், பொரி உருண்டை பிடிச்ச கை நமக்கு.

ஒரு கிலோவுக்குச் சொல்றேன், எழுதிக்கிறவங்க எழுதிக்குங்க. எலும்போட சின்னத் துண்டா 24 துண்டு வர்ற மாதிரி வெட்டச் சொல்லணும். தண்ணியை நல்லா வடிச்சு, உப்பு ஒன்றரை டீஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது ரெண்டு ஸ்பூன், கட்டித் தயிர் மூணு ஸ்பூன், மிளகுத்தூள், மிளகாய்த்தூள் ஒவ்வொரு டீஸ்பூன். பிசறி பிரிட்ஜுல ரெண்டு மணி நேரம். வெளியில வைக்காதீங்க, நம்ம ஊர் வெயிலுக்கு கோழி சீக்கிரம் கெட்டுடும். இதுல சர்க்கரையோ வெல்லமோ ஒரு துளி கூடப் போடக் கூடாது. இனிப்பு எண்ணெயில போனா துண்டு வேகறதுக்கு முன்னாடியே வெளியே கருகிடும். இனிப்பு எல்லாம் கடைசியில பாகுலதான்.

பொரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு முட்டை உடைச்சு ஊத்தி, சோளமாவு ஆறு ஸ்பூன், மைதா நாலு, பச்சரிசி மாவு மூணு ஸ்பூன் போட்டு பிசறணும். மொறுமொறுப்பு நிக்கிறதுக்கு அரிசி மாவுதான் காரணம், நம்ம பஜ்ஜி மாவுல போடறோமே அதே கணக்கு. பத்து நிமிஷம் அப்படியே விட்டா மாவு ஈரத்தை இழுத்துக்கிட்டு துண்டோட ஒட்டிக்கும். எண்ணெயில உதிராது.

பொரிக்கிறது ரெண்டு தடவை. இதை யாரும் விட்டுடாதீங்க, இந்தப் பண்டத்தோட உயிரே இதுலதான் இருக்கு. முதல் தடவை மிதமான தீயில ஏழெட்டு நிமிஷம். உள்ளே வேகணும், நிறம் லேசா வந்தா போதும். எடுத்து கம்பித் தட்டுல பத்து நிமிஷம் ஆற விடணும். அப்ப உள்ளே இருக்கிற ஈரம் மேல்தோலுக்கு வரும். மறுபடி எண்ணெயை நல்லா காய வெச்சு ரெண்டு மூணு நிமிஷம் போட்டா அந்த ஈரம் சடசடன்னு போயிடும். சத்தம் அடங்கினா எடுத்துடலாம். ஒரே நேரத்துல கடாய் நிறைய கொட்டினா எண்ணெய் சூடு இறங்கிடும், துண்டு பொரியாம எண்ணெய் குடிக்கும். அரை கிலோ அரை கிலோவாப் போடுங்க. பெரிய துண்டு ஒண்ணைப் பிரிச்சு எலும்புகிட்ட ரத்தச் சிவப்பு இல்லாம இருக்கான்னு பார்த்துட்டுத்தான் விக்கணும். பச்சைக் கோழி வெச்ச தட்டையும் கிடுக்கியையும் பொரிச்சதுக்குத் தொடக் கூடாது.

பாகுக்கு காஷ்மீரி மிளகாய் இல்லைன்னா பேடகி மிளகாய் 12. காரம் வேணும்னா குண்டு மிளகாய் ரெண்டு சேத்துக்கலாம். விதை எடுத்து வெந்நீர்ல அரை மணி ஊறப் போட்டு, 15 பல் பூண்டோட மை மாதிரி அரைக்கணும். ரெண்டு ஸ்பூன் எண்ணெயில சின்னத் தீயில வதக்கினா எண்ணெய் பிரியும்போது பாருங்க, அப்படி ஒரு சிவப்பு வரும். மிளகாயோட நிறம் எண்ணெயிலதான் இறங்கும், தண்ணியில இறங்காது. அப்புறம் கரைச்சு வடிகட்டின வெல்லம் 100 கிராம், நெல்லிக்காய் அளவு புளிக்கரைசல், சோயா சாஸ் ரெண்டு ஸ்பூன், தக்காளி சாஸ் ரெண்டு ஸ்பூன். சோயா சாஸுலயே உப்பு இருக்கு, தனியா போட வேண்டாம். கொதிச்சு, ரெண்டு விரல்ல தொட்டா பிசுபிசுன்னு ஒட்டணும். கம்பிப் பதம் வரக் கூடாது, வந்தா ஆறினதும் கல்லாயிடும். அடுப்பை அணைச்சுட்டு, சூடான கோழியைப் போட்டு ஒரு பிரட்டு பிரட்டி மேலே வறுத்த எள்ளு தூவுங்க.

ஆள் வந்து கேட்டப்புறம்தான் பாகு பூசணும். பூசி வெச்சா கால் மணியில நமுத்துடும். டப்பா மூடியையும் இறுக்கி மூடாதீங்க, ஆவி தண்ணியாகி மொறுமொறுப்பு போயிடும்.

இப்ப கலர் பொடி விஷயம். அஞ்சு ரூபாய்ப் பொடியில சிவப்பு வர்றப்போ மிளகாய் எதுக்குன்னு ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். 2024 பிப்ரவரியில நம்ம அரசாங்கம் பஞ்சு மிட்டாயைத் தடை பண்ணினது எதுக்கு? துணிச் சாயத்துக்குப் போடற ரோடமின்-பி அதுல இருந்தது. அதே வருஷம் கர்நாடகாவுல கோபி மஞ்சூரியன், கபாப் எல்லாத்துலயும் செயற்கைக் கலர் போடக் கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. நம்ம கடைக்கு வர்றதுல பாதி டியூஷன் முடிச்சு வர்ற பிள்ளைங்க. அதுல உங்க வீட்டுப் பிள்ளையும் இருக்கும். என் வரைக்கும் இதுல பேரம் இல்லை.

அடுத்தது விலை. ஒரு கிலோவுக்கு ஆன செலவு: கோழி 240, எண்ணெய் 40, மாவு முட்டை தயிர் 35, வெல்லம் மிளகாய் பூண்டு சாஸ் 45, கேஸ் 20, டப்பா பேப்பர் 20. மொத்தம் 400 ரூபாய். நாலு துண்டு ஒரு பிளேட்டுன்னா ஆறு பிளேட். 60-க்கு வித்தா 360, கையிலிருந்து 40 போகும். 70-க்கு வித்தா 20 ரூபாய் நிக்கும். அஞ்சு கிலோ போட்டா நூறு ரூபாய். அதுக்கு மத்தியானம் பிசறறதிலிருந்து ராத்திரி கடாய் தேய்க்கிற வரைக்கும் ரெண்டு பேர் அஞ்சஞ்சு மணி நேரம் நிக்கறாங்க. மணிக்கு பத்து ரூபாய் கூலி! வேற எங்கேயாவது அந்தக் கூலிக்குப் போவோமா? 90-க்கு வித்தா கிலோவுக்கு 140, அஞ்சு கிலோவுக்கு 700, மணிக்கு 70 ரூபாய் விழும். நம்ம செலவு நோட்டுல கேஸ் எழுதறோம், பேப்பர் எழுதறோம், நம்ம கூலியை மட்டும் எழுதறதில்லை. வீட்டு வேலைன்னே பழகிட்டோம்.

60-க்கு விக்கிறவங்க எப்படிக் கட்டுப்படியாக்கறாங்கன்னு கேக்கலாம். துண்டைச் சின்னதாக்கணும், இல்லை எண்ணெயில கை வைக்கணும். கறுத்து, நுரை பொங்கி, புகை வர்ற எண்ணெய் உடம்புக்கு ஆகாது. கெட்டுப்போன பொருள் 25 சதவீதம் தாண்டின எண்ணெயை சமையலுக்கு வெச்சுக்கக் கூடாதுன்னு 2018 ஜூலையிலிருந்து சட்டமே இருக்கு. பழசுல புதுசை ஊத்தி ஊத்தி ஓட்டறதும் வேண்டாம். மிச்சத்தைச் சாக்கடையில ஊத்தாம கேன்ல சேர்த்தா பயோடீசலுக்கு வாங்கிக்கிறவங்க இருக்காங்க. அந்தக் காசையும் வரவுல எழுதலாம்.

நாள் கணக்கும் பார்க்கணும். சனிக்கிழமை நம்ம அகத்தீஸ்வரர் கோயில்ல சனீஸ்வரனைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் வரும், வட திருநள்ளாறுன்னு பேராச்சே. அன்னிக்குக் கோழி போணியாகாது. புரட்டாசி மாசம் முழுக்க அதே கதைதான். அந்த நாள்ல இதே மாவு, இதே பாகுல காலிஃபிளவர், காளான் போடலாம். தயிரும் முட்டையும் வேண்டாம். கடாயும் எண்ணெயும் தனி. கோழி பொரிச்ச எண்ணெயில போட்டுட்டு சைவம்னு சொல்லி விக்கிறது பாவம்.

கூட்டமைப்புகிட்ட கேக்கறது மூணு. பேடகி மிளகாயும் எண்ணெயும் மொத்தமா வாங்கி குழுக்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கணும். உணவுப் பாதுகாப்புப் பதிவு கடை போடற குழு எல்லாத்துக்கும் எடுத்துக் கொடுக்கணும். பிளேட் 90 ரூபாய், கலர் பொடி கிடையாதுன்னு இன்னிக்கே தீர்மானப் புத்தகத்துல எழுதணும். பின்னாடி மேஜையில ரெண்டு கிலோ பொரிச்சு வெச்சிருக்கு, பாகு தனியா இருக்கு. தின்னு பார்த்துட்டு கையெழுத்துப் போடுங்க.