பேழைக்குள் எதை வைப்போம்?

(ஆகஸ்ட் 15 காலை வானொலியில் வழங்கிய மறைச்சிந்தனை)



இன்று நமக்கு இரட்டை விழா. அன்னை மரியாவின் விண்ணேற்பையும் நாட்டின் விடுதலையையும் ஒரே நாளில் கொண்டாடுகிறோம். திருப்பலி முடிந்ததும் கோவில் முற்றத்தில் கொடியேற்றுவோம். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்போம். அதற்கு முன், இதே ஆகஸ்ட் 15 அன்று டெல்லியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நினைத்துப் பார்ப்போம்.

அது 1973ஆம் ஆண்டு. விடுதலையின் வெள்ளிவிழா நினைவாக, அன்றைய பிரதமர் இந்திரா காந்தி செங்கோட்டை வளாகத்தில் ஓர் உலோகக் கலத்தை மண்ணுக்குள் இறக்கினார். காலப்பேழை என்று அதைச் சொன்னார்கள். விடுதலைக்குப் பின் நாடு நடந்து வந்த வரலாறு அதற்குள் எழுதி வைக்கப்பட்டிருந்தது. அந்த வரலாற்றை எழுதும் பொறுப்பு நம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரிடம் தரப்பட்டது. ஆயிரம் ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுப்பவர்கள் நம்மைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

ஆனால் மண் மூடுவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். ஒரு கட்சியையும் ஒரு குடும்பத்தையும் உயர்த்தி எழுதப்பட்டிருக்கிறது என்று குற்றம் சாட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1975 ஜூனில், நெருக்கடிநிலை வந்தது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உள்ளாயின. அதைப் பற்றிப் பேழையில் ஒரு வரிகூட இருந்திருக்க முடியாது. அது ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டது. 1977இல் ஆட்சி மாறியது. புதிய அரசு அந்தப் பேழையைத் தோண்டி எடுத்தது. ஆயிரம் ஆண்டு இருக்க வேண்டியது, ஐந்து ஆண்டுகூட மண்ணுக்குள் இருக்கவில்லை.

புதைத்தவர்கள் சரியா, தோண்டியவர்கள் சரியா என்று தீர்ப்புச் சொல்வது இன்று நம் வேலையல்ல. ஒன்றை மட்டும் கவனிப்போம். நாற்காலியில் இருப்பவர் மட்டுமே தம் கதையை எழுதினால், அடுத்து அந்த நாற்காலிக்கு வருபவர் அதை நம்புவதில்லை. பேழை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், உள்ளே இருப்பதன் மீது நம்பிக்கை இல்லையென்றால் அது நிலைப்பதில்லை.

பேழை என்றதும் நமக்கு உடன்படிக்கைப் பேழை நினைவுக்கு வரும். அதற்குள் இருந்த கற்பலகைகள் எவை? மோசே முதலில் கொண்டுவந்தவை அல்ல. மக்கள் பொன் கன்றுக்குட்டியை வணங்கியதைக் கண்டு அவர் முதல் பலகைகளை உடைத்துவிட்டார். ஆண்டவர் மன்னித்து இரண்டாம் முறை எழுதித் தந்தவையே பேழைக்குள் சென்றன. பிள்ளைகள், "இவை ஏன் இரண்டாம் பலகைகள்?" என்று கேட்டால், பெற்றோர் தங்கள் தவறையும் சொல்லித்தான் ஆக வேண்டும், கடவுளின் இரக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விவிலியம் முழுவதும் இப்படித்தான். மத்தேயு நம் ஆண்டவரின் தலைமுறை அட்டவணையை எழுதும்போது, தாவீது அரசர் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டதை மறைக்கவில்லை. பேதுரு மறுதலித்ததை நான்கு நற்செய்தியாளர்களும் எழுதினார்கள். அவர் திருச்சபையின் தலைவர். விட்டுவிட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? ஆனாலும் எழுதினார்கள். அதனால்தான் நாமும் விழுந்தால் எழலாம் என்ற நம்பிக்கை நமக்கு வருகிறது.

இதை நாங்களே கற்றுக்கொண்ட ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். விடுதலையின் 75ஆம் ஆண்டு நிறைவான 2022இல், நாங்கள் பணியாற்றிய ஒரு கிராமப் பங்கில், கொடிமரத்தின் அடியில் ஒரு பெட்டி புதைக்கலாம் என்று பங்குப் பேரவையில் முடிவானது. ஒவ்வோர் அன்பியமும் ஒரு தாள் எழுதித் தர வேண்டும். கோவில் கட்டிய கதை, பள்ளி தொடங்கிய கதை, ஊரிலிருந்து படித்து வேலைக்குப் போனவர்களின் பெயர்கள் என்று தாள்கள் வந்தன.

கீழத்தெரு அன்பியத்தின் தாள் வேறு மாதிரி இருந்தது. தங்கள் தாத்தாக்கள் கோவிலுக்குள் தனியாக உட்கார வைக்கப்பட்டதையும், கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சுவர் எழுப்பப்பட்டதையும், அந்தச் சுவர் இன்னும் நிற்பதையும் எழுதியிருந்தார்கள்.

பேரவையில் சலசலப்பு எழுந்தது. "பின்னால் வருகிறவர்கள் படித்தால் ஊர் மானம் என்ன ஆகும்? விழா நேரத்தில் இது எதற்கு?" என்றார்கள். அமைதி கெடக் கூடாது என்று நாங்களும் தலையாட்டினோம். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

அன்று மாலை கீழத்தெருவிலிருந்து ஒரு வயதான அம்மா பங்குப் பணியாளர் இல்லத்துக்கு வந்தார். சண்டை போடவில்லை. "சாமி, எங்க தாளை எடுத்துட்டா, பொட்டிக்குள்ள இருக்கறது யாரு ஊரு சாமி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. வாரந்தோறும் ஒப்புரவு அருள்சாதனத்தில், பாவத்தை மறைக்காமல் சொல்லுங்கள் என்று மக்களுக்குக் கற்பிக்கிறோம். ஊராகச் சேர்ந்து செய்ததை மட்டும் மறைத்துப் புதைக்கச் சொன்னோமே! மறுநாள் பேரவையைக் கூட்டி, எங்கள் தவறை ஒப்புக்கொண்டோம். நீண்ட பேச்சுக்குப் பின், ஒரு சொல்லும் குறையாமல் அந்தத் தாள் பெட்டிக்குள் சென்றது. கையெழுத்துப் போட மறுத்தவர்களும் உண்டு.

அன்புக்குரியவர்களே, பெட்டி மூடியாகிவிட்டது. ஆனால் நாங்கள் அந்தப் பங்கைவிட்டு மாறி வந்த நாளிலும் சுவர் நின்றுகொண்டுதான் இருந்தது. தாழ்ந்தோரை உயர்த்தும் கடவுளைப் பாடிய அன்னையின் விழாவில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. விடுதலை பெற்ற நாட்டில், ஒரே நற்கருணையை உண்டவர்கள், இறந்த பிறகும் பிரிந்து கிடக்கிறார்கள்.

இன்று கொடியேற்றிய பின் உங்கள் பிள்ளைகளை அருகில் அமர்த்துங்கள். நாடு சாதித்ததைச் சொல்லுங்கள், அது நன்றி. ஊரிலும் வீட்டிலும் தவறியதையும் சொல்லுங்கள். அது மனமாற்றத்தின் தொடக்கம். உங்கள் பங்கிலும் அப்படி ஒரு சுவர் இருந்தால், அடுத்த பேரவைக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுங்கள்.

கொடிமரத்தடியிலுள்ள பெட்டியை ஒருநாள் யாரோ திறப்பார்கள். கீழத்தெருத் தாளைப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது பழைய கதையாக இருக்குமா, அன்றைய செய்தியாகவே இருக்குமா? அதற்கான பதில் பெட்டிக்குள் இல்லை. நம் கையில் இருக்கிறது.

அன்னை மரியாவின் பரிந்துரையால், உண்மையைச் சொல்லவும் தவறைத் திருத்தவும் இறைவன் நமக்கு வலிமை தருவாராக. ஆமென்.