எந்த நூலில் தொடங்குவது?

(ஜூபிலி விழாவையொட்டிப் பங்குப் படிப்பகத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



"சாமி, இக்காலத்துத் தத்துவ நூல் ஒன்று சொல்லுங்கள், ஆனால் தூக்கம் வரக்கூடாது" என்று நம் கல்லூரி மாணவர் சிலர் கேட்டனர். நியாயமான விண்ணப்பமே.

ஆசிரியரின் புகழைக் கண்டு நூலை எடுக்க வேண்டாம் என்பதே நமது கருத்து. அவர் கேட்கும் கேள்வி உங்களுடைய கேள்விதானா என்று பாருங்கள். முதல் பத்துப் பக்கங்களில் அது தெரிந்துவிடும். தெரியாவிடில் அலமாரியில் திருப்பி வையுங்கள். அதற்குப் பாவசங்கீர்த்தனம் தேவையில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் சாண்டல் 2009-இல் வெளியிட்ட 'ஜஸ்டிஸ்' என்ற நூலை எடுத்துக்கொள்வோம். 2004-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தைச் சூறாவளி தாக்கிற்று. இரண்டு டாலர் பெறுமான ஐஸ் பை பத்து டாலருக்கு விற்கப்பட்டது. இது அநியாயம் என்றனர் ஒரு சாரார். விலை ஏறினால்தானே வெளியூர்ச் சரக்கு வந்து சேரும் என்றனர் மறு சாரார். நூலின் தொடக்கமே இதுதான். அரிஸ்டாட்டிலும் காண்ட்டும் பிறகுதான் வருகின்றனர், வழக்கைத் தீர்க்க அழைக்கப்பட்ட பஞ்சாயத்தார் போல. புயல் நாட்களில் பாலும் மெழுகுவர்த்தியும் என்ன விலைக்குப் போகும் என்றறிந்த நமக்கு இது அந்நிய நாட்டுச் சங்கதியன்று.

அடுத்தது, அலஸ்டர் மக்கின்டயர் 1981-இல் எழுதிய 'ஆஃப்டர் வர்ச்சூ'. அறிவியல் முழுதும் அழிந்து, கிழிந்த ஏடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, பொருள் தெரியாமலே அதன் சொற்களை ஒப்பிக்கும் ஓர் உலகைக் கற்பனை செய்யச் சொல்கிறார். நன்மை, கடமை என்று நாம் வாயாரப் பேசுவதும் இன்று அப்படித்தான் ஆகிவிட்டது என்பது அவர் வாதம். முதல் அத்தியாயம் கதைபோல் ஓடும். நடுவில் சற்றுக் கடினம், பொறுமை வேண்டும்.

தத்துவம் விசுவாசத்தைக் கெடுக்கும் என்று அஞ்சும் பெரியவர்கள் இங்கே உண்டு. மார்க்சியராய் இருந்த இதே மக்கின்டயர் புனித அக்குவினாஸ் தோமாவைப் பயின்று, 1980-களில் கத்தோலிக்கரானார். தத்துவப் பேராசிரியராய் இருந்த இரண்டாம் ஜான் பால் பாப்பரசரோ, விசுவாசமும் பகுத்தறிவும் பற்றி 1998-இல் ஒரு சுற்றுமடலே வரைந்தார். கோவிலுக்கு வருவதை மெல்ல நிறுத்திக்கொள்ளும் நம் பிள்ளைகளில் பலர் சண்டையிட்டுப் போவதில்லை. கேட்க நினைத்ததைக் கேட்க இடமின்றிப் போகின்றனர். நமது கவலையெல்லாம் அதுதான்.

1500-ஆம் ஆண்டில் மேனாட்டவர்க்குக் கடவுளை நம்பாதிருப்பது ஏறக்குறைய இயலாத காரியம். இன்றோ அது பலருக்கு எளிதாகிவிட்டது. ஏன்? கனடா நாட்டுக் கத்தோலிக்கரான சார்லஸ் டெய்லர் 2007-இல் எழுதிய 'எ செக்யூலர் ஏஜ்' இதைத்தான் ஆராய்கிறது. எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்ட தலையணை அது! தனியே தூக்க வேண்டாம். ஆளுக்கோர் அத்தியாயம் படித்து வந்து, ஆங்கிலம் அறியாதோர்க்கும் விளங்குமாறு தமிழில் சொன்னால் போதும்.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் ஐஸ் வழக்கிலிருந்து தொடங்குவோம். கடை வைத்திருப்போர் அவசியம் வரவேண்டும்.