தாதையார் தோளும் பிள்ளையின் சிற்றடியும்

(திருக்குட நன்னீராட்டுப் பெருவிழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)



கோபுரத்துக்கும் விமானத்துக்கும் திருக்குட நன்னீராட்டு இனிது நிறைவேறிய இந்நன்னாளில், திருப்பணிக்குப் பொருளுதவிய அன்பர் பலர் தம் இளம்பிள்ளைகளுடன் இம்மண்டபத்தில் வீற்றிருக்கின்றனர். பிள்ளைகளுட் சிலர் தூண்மறைவில் ஓடியாடுகின்றனர். அவர்களை அதட்டி அமர்த்த முயலும் தந்தையரும் உளர். ஓடுவோர் ஓடுக, இன்றைய பேச்சும் அவர்களைப் பற்றியதே. பள்ளியில் முதன்முதல் அடிவைக்கும் ஐயாண்டுப் பருவம் தொடங்கி எட்டாண்டு நிரம்புங்காறும் பிள்ளையைப் பெற்றோர் பேணும் வகை யாது என்பதே பொருள்.

இதற்கு எடுத்துக்காட்டு வேண்டி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் அருளிய பெரிய புராணத்தில் சிவபாத இருதயர் என்னும் தந்தையார் ஒருவர் உளர். ஆளுடைய பிள்ளையாராகிய திருஞானசம்பந்தரைப் போற்றும் உலகம், அவரைப் பெற்று வளர்த்த தந்தையாரை அத்துணை நினைப்பதில்லை. அவர் செய்த செயல்கள் சிலவற்றைக் கருதின் போதும்.

சீகாழித் திருக்குளத்துக்கு நீராடச் செல்கின்றார் தந்தையார். மூன்றாண்டுப் பிள்ளை அழுது தொடர்கின்றது. விட்டுச்செல்ல மனமின்றி உடனழைத்துக் கரையில் இருத்துகின்றார். அவர் நீருள் மூழ்குகின்றார். தந்தையைக் காணாத பிள்ளை அழத் தொடங்குகின்றது. உமையம்மையார் பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டிய வரலாறு பின்னர் நிகழ்வது. அதன் முன்னே நிகழ்ந்தது ஒரு குழந்தையின் அச்சம். சூன் திங்களில் பள்ளிக்கூடம் திறக்கும் நாளன்று முதல் வகுப்பு வாயிலில் நின்று பார்ப்போர் இதே அழுகையைக் கேட்பர். பிள்ளை வேறுபக்கம் நோக்கும் வேளை பார்த்து மெல்ல நழுவிவிடும் பெற்றோர் பலர். அழுகை விரைவில் அடங்கும் என்பது உண்மையே. ஆயினும், காணாமற்போகும் இயல்பினள் தன் தாய் என்பதைப் பிள்ளை அன்று கற்றுக்கொள்கின்றது. மறுநாள் இன்னும் இறுகப் பற்றும். “மணி அடித்ததும் இவ்வேப்பமரத்தடியில் நிற்பேன்” என்று சொல்லிவிட்டுச் சென்று, சொன்னபடியே நிற்றல் வேண்டும். பெற்றோரின் சொல்லைப் பிள்ளை அளந்து பார்க்கும் முதற்களம் அதுவே.

நீராடிக் கரையேறிய தந்தையார் பிள்ளையின் வாயில் பால் வழிதலைக் காண்கின்றார். யாரோ தந்த எச்சிற்பாலை உண்டதென எண்ணிச் சினந்து, சிறுகோல் ஒன்றைக் கையிலெடுத்து ஓச்சுகின்றார். தந்தையார் பெரியவரேயாயினும் கோல் எடுத்தார் என்பதைச் சேக்கிழார் மறைக்கவில்லை. ஆயின் அக்கோல் பிள்ளைமேல் விழவில்லை. ‘தந்தவரைக் காட்டுக’ என்னும் வினா முன்னே வந்தது. அவ்வினாவுக்கு விடை வரும்வரை கை காத்துநின்றது. பிள்ளை விண்ணைச் சுட்டிற்று. முதற் பதிகம் பிறந்தது.

கேட்டல் முந்த வேண்டும், கோல் பிந்த வேண்டும் என்பதன்று இங்குக் கொள்ளத்தக்கது. கேட்டபின் கோலுக்கு வேலையே இல்லாது போயிற்று என்பதே.

இக்காலத்து வீடுகளில் நிகழ்வதை நினைந்து பார்க்கலாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை கரும்பலகையில் உள்ளதைப் பிழைபட எழுதி வருகின்றது. னகரம் ணகரமாகின்றது, ஒரு சொல் விடுபடுகின்றது. ‘கவனமில்லை’ என்று ஆசிரியர் குறிப்பெழுதுகின்றார். மாலையில் தந்தை கையோங்குகின்றார். பலகை தனக்கு மங்கலாகத் தெரிகின்றது என்று சொல்ல அப்பிள்ளைக்குத் தெரியாது. எல்லார்க்கும் அவ்வாறே தெரியும் என்றுதான் அது எண்ணியிருக்கும். ஒரு மூக்குக்கண்ணாடி தீர்க்க வேண்டியதை ஓராண்டு அடி தீர்க்குமோ? திங்கட்கிழமை தோறும் காலையில் வயிற்றுவலி என்னும் பிள்ளை நடிக்கின்றது என்பர். அதன் பக்கத்தில் அமர்ந்து வினவினால், மூத்த மாணாக்கன் ஒருவன் தின்பண்டத்தைப் பறிக்கின்றான் என்றோ, பள்ளிக் கழிப்பிடத்துக்குச் செல்ல அஞ்சிப் பகலெல்லாம் அடக்கிக்கொண்டிருப்பதாகவோ வெளிவரும். வினவுதலும் ஒரு கலை. “இன்று எத்தனை மதிப்பெண்?” என்பது வினாவன்று, கணக்கெடுப்பு. “இன்று யாரருகே அமர்ந்தாய்?” என்றால் பிள்ளை பேசும்.

பண்டைத் திண்ணைப் பள்ளியை வானளாவப் புகழ்வோர் உளர். மணலில் விரலால் எழுதி, உரக்க ஓதி, நெடுங்கணக்கையும் எண்சுவடியையும் மனத்தில் பதித்த முறை போற்றத்தக்கதே. ஆயின் கயிற்றைப் பற்றித் தொங்கவிடும் கோதண்டம் என்னும் ஒறுப்பும் அங்கேதான் இருந்தது. அவ்வொறுப்புக்கு அஞ்சி ஓடி ஒளிந்த பிள்ளைகளின் கணக்கை யாரும் எழுதிவைக்கவில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் பிள்ளையை அடித்தலையும் மனம் நோகச் செய்தலையும் விலக்கியுள்ளது. அச்சட்டம் வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே வருவதில்லை. அங்கே பெற்றோரே சட்டமாதல் வேண்டும்.

மணலில் விரலால் எழுதிய முறைக்கு இன்றைய உடற்கூற்று நூல் ஒரு காரணம் காட்டுகின்றது. மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள. பிறந்த குழந்தைக்கு அவை குருத்தெலும்புகளே. ஒன்றன்பின் ஒன்றாக முற்றுகின்றன. ஐயாண்டில் எட்டும் முற்றுவதில்லை. கடைசி எலும்பு முற்றப் பத்தாண்டளவும் ஆகலாம். அத்தகைய கையில் எழுதுகோலைத் திணித்து, நான்கு வரிக் கோட்டுக்குள் பக்கம் பக்கமாக எழுதச் செய்து, எழுத்துக் கோணியதென்று இகழ்தல் முறையாமோ? விசயதசமியன்று தட்டிலே பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவித்த பெற்றோர், மறுவாரமே அந்தக் கையின் இளமையை மறந்துவிடுகின்றனர். தமிழ்நாட்டரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும், அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற எட்டு வயதையே எல்லையாக வைத்தது. பெற்றோரோ ஐந்து வயதிலேயே அதை முடிக்க விரைகின்றனர்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதல் இவ்விரைவுக்கு நெய்வார்க்கும். திருவைகுண்டத்தில் தோன்றிய குமரகுருபர அடிகள் ஐயாண்டளவும் வாய் பேசாதிருந்தார் என்பது அவர்தம் வரலாறு. அவருடைய பெற்றோர் அக்காலத்தில் அக்கம்பக்கத்தாரின் எத்தனை சொற்களைத் தாங்கியிருப்பர்! அவர்கள் பிள்ளையைத் தூற்றவில்லை. திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்றனர். இன்று பேச்சுத் தாழ்க்கும் பிள்ளையை உடையோர் செந்திலாண்டவனை வேண்டுவதோடு செவி மருத்துவரிடமும் காட்டுதல் வேண்டும். செவி சரிவரக் கேளாமையால் நாவெழாத பிள்ளைகள் உளர். அவர்களுக்குக் காலந்தாழ்த்தல் பெருங்கேடு. இறைவனை நம்புதற்கும் மருத்துவரைக் காண்டற்கும் பகையொன்றுமில்லை.

இனித் தோளுக்கு வருவோம். ஞானப்பால் உண்ட பிள்ளை திருக்கோலக்காவுக்குச் செல்கின்றது. அங்கே பிள்ளை கைத்தாளம் இட்டுப் பாடுகின்றது. இறைவன் பொற்றாளம் அருளுகின்றான். மீளும்போது நடந்துசெல்லும் பிள்ளையைச் சிவபாத இருதயர் தம் தோளில் ஏற்றிக்கொள்கின்றார். பின்னர்த் தலந்தோறும் அத்தோளே ஊர்தியாயிற்று. பொருளுடையார் பலர் இக்காலத்தில் பிள்ளைக்குப் பெரிய பள்ளியில் பெருங்கட்டணம் கட்டுகின்றனர். மாலையில் தனிவகுப்புக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று எனக் கட்டணங்கள் வேறு. கட்டணம் தோளன்று. இரவில் அரை நாழிகை பிள்ளையை மடியருகே இருத்திக் கதைநூல் ஒன்றைப் படித்துக்காட்டும் தந்தை எத்தனை பேர்? பிள்ளைகளுக்கெனப் படிப்படியாகப் பாலபாடங்களை ஆக்கித் தந்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளியும் கண்டார். வடமொழியும் தென்மொழியும் ஆழக் கற்ற அவ்வறிஞர் சிறுவர்க்கு எழுதுதலைச் சிறுமையென எண்ணவில்லை. சிறுவர்க்குப் படித்துக்காட்டுதலைச் சிறுமையென எண்ணும் தந்தையர்க்கு என் சொல்வது? கைப்பேசியைக் கண்முன் நிறுத்திச் சோறூட்டும் வழக்கமும் பெருகிவிட்டது. பிள்ளை உண்கின்றது, யார் ஊட்டினார் என்பதை அது நோக்குவதில்லை.

தோளில் ஏற்றியவர்க்கு அதனினும் அரிய செயல் ஒன்று காத்திருந்தது. திருநெல்வாயில் அரத்துறையை நோக்கிச் செல்லும் வழியில் பிள்ளையார் தாதையார் தோளில் ஏறாது, சிற்றடி நோவ நடக்கின்றார். தந்தையார் உள்ளம் வருந்துகின்றார், ஆயினும் நடக்கின்ற பிள்ளையை வலிந்து தூக்கினாரல்லர், உடன் நடக்கின்றார். அன்றிரவு மாறன்பாடியில் தங்குகின்றனர். அதன்பின்னர் முத்துச்சிவிகை வந்தது. அது தந்தையார் தந்ததன்று.

வருத்தத்தோடு உடன் நடத்தல் எளிதன்று. காலணியைத் தானே மாட்ட முயலும் பிள்ளையின் கையைத் தட்டிவிட்டு, ‘நேரமாயிற்று’ என்று தாயே மாட்டுகின்றாள். பள்ளி வண்ணப்படம் கேட்டால் தந்தை வரைகின்றார். அழகிய படம் என்று பரிசும் கிடைக்கின்றது. பரிசு யாருடையது என்பது அப்பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். கோணலாயினும் பிள்ளை வரைந்ததையே அனுப்புதற்குப் பெற்றோர்க்குச் சிறிது துணிவு வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளை தன் பையைத் தானே அடுக்குதல், மறந்த நோட்டுக்கு ஆசிரியரிடம் தானே விடை சொல்லுதல் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு வாளா இருத்தலும் அத்தகையதே.

முதலாண்டில் கையை விடாது அழுத அந்தப் பிள்ளை, ஓரிரண்டு ஆண்டு கழித்து ஒருநாள் அதே பள்ளி வாயிலில் தந்தையின் கையை உதறிவிட்டுத் தோழரை நோக்கி ஓடும். திரும்பிப் பார்க்கினும் பார்க்கும், பாராதொழியினும் ஒழியும். தந்தையார் வேப்பமரத்தடியிற் சிறிது நேரம் நின்று மீள்வார்.