மங்கிய படமும் மாறாத உண்மையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசுவார்கள், இசை பேசுவார்கள். என்னைப் புகைப்படத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்திருக்கிறார். நான் தொழில்முறைப் படக்காரன் அல்லன். ஓய்வு பெற்ற பின்னர் ஒரு காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, விடியற்காலையில் சாமுண்டி மலைப் படிகளில் ஏறுகிற பலருள் ஒருவன். அவ்வளவே என் தகுதி.

சென்ற மார்கழியில் ஒரு நாள், மலைமேல் நின்று மைசூர் நகரைப் படம் எடுத்தேன். கீழே அரண்மனை, அப்பால் பிலோமினா ஆலயத்தின் இரட்டைக் கோபுரங்கள், ஒருபுறம் காரஞ்சி ஏரி. கண்ணுக்கு அது பெருவிருந்து. வீட்டிற்கு வந்து கணிப்பொறியில் பார்த்தபோதோ, சாம்பல் பூசிய சுவரைப் போல இருந்தது படம். "தாத்தா, இது நகரமா, புகையா?" என்று கேட்டான் பொறியியல் பயிலும் என் பேரன்.

ஏன் அவ்வாறு ஆயிற்று? நமக்கும் நகரத்திற்கும் இடையே காற்று நிற்கிறது. அதில் மிதக்கும் நீர்த்துளியும் தூசும் ஒளியைச் சிதறச் செய்து, தொலைவில் உள்ள பொருள்களின்மீது வெண்திரை ஒன்றை விரிக்கின்றன. கருமை கருமையாக இல்லாமல் சாம்பலாகிவிடுகிறது. நம் கண்ணோ பார்க்கும் இடத்திற்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. மனமும் அதற்குத் துணை நிற்கிறது. காமிராவுக்கு அந்தத் திறம் இல்லை. வானத்தையும் நிலத்தையும் ஒரே அளவுகோலால் அளந்துவிடுகிறது.

பேரன் திருத்தத் தொடங்கினான். முதலில் மூலப்படத்திற்கு ஒரு நகல் எடுத்து வைத்தான். பின்னர்ச் சாய்ந்திருந்த அடிவானத்தை நேராக்கினான். படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம் ஒன்று திரையில் தெரிந்தது. மலைபோல் எழுந்த அந்தக் கோடு முழுவதும் நடுவிலேயே குவிந்து கிடந்தது. கருமைப் பக்கமும் வெறுமை. வெண்மைப் பக்கமும் வெறுமை. படத்தின் மங்கலுக்கு அதுவே சான்று. இருண்டதைக் கருமைக்கும் வெளிச்சத்தை வெண்மைக்கும் இழுத்து விட்டான். திரை விலகியதுபோல் நகரம் வெளிப்பட்டது. நீலம் பாய்ந்திருந்த நிறத்தைச் சற்றே வெதுவெதுப்பாக்கினான். வானத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படிப்படியாக இருளச் செய்தான். மறைந்திருந்த மேகங்கள் உருப்பெற்றன. அரண்மனைப் பகுதியை மட்டும் சிறிது ஒளிரச் செய்தான்.

இளைஞர்களுக்கு இங்கே ஒரு சொல். சாதாரண ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 ஒளிப்படிகளே உண்டு. திருத்தம் செய்யாத 14 பிட் மூலக்கோப்பிலோ 16,384 படிகள் உண்டு. மங்கிய படத்தை இழுத்து நீட்டும்போது இந்தச் செல்வம்தான் கைகொடுக்கிறது. அன்றியும், உப்பைப் போல்தான் நிறமும். ஒரு கை கூடினால் உணவே வீண். பச்சையை ஏற்றி ஏற்றி, மலையைக் கிளி ஆக்கிவிடாதீர்கள்!

இவையெல்லாம் கணிப்பொறி வந்தபின் பிறந்த வித்தைகள் என்று எண்ணவேண்டா. லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, 1854 டிசம்பரில் இம்மைசூர் நாட்டின் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படம் எடுத்தார். பின்னர்ச் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராகி, 1858இல் மதுரையையும் தஞ்சையையும் எடுத்தார். அந்நாளைய காகித நெகட்டிவ் நீல ஒளியையே மிகுதியாகப் பற்றும். ஆகவே வானம் வெறும் வெண்தாளாகிவிடும். டிரைப் என்ன செய்தார்? நெகட்டிவின்மீது வண்ணம் தீட்டி மேகங்களைத் தோற்றுவித்தார்! அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ், 1941 நவம்பர் 1ஆம் நாள் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் எழுந்த நிலவைப் படம் பிடித்தார். அவர் இருட்டறையில் வானத்தைக் கருக்கிக் கருக்கி அச்சிட்ட அப்படம் உலகப் புகழ் பெற்றது.

அப்படியானால் எதையும் செய்யலாமா? இங்கேதான், அன்பர்களே, என் உள்ளத்தை உறுத்திய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சிவகங்கைச் சீமையில் உள்ள எங்கள் ஊர்க் கண்மாயை, ஒரு கோடையில் படம் எடுத்து வந்தேன். வறண்டு வெடித்த தரை. கரையில் ஓர் ஆலமரம். பார்ப்பவர் மகிழட்டும் என்று பேரன் வேறொரு படத்திலிருந்து நீரை எடுத்து அதில் நிரப்பிவிட்டான். அதை என் மூத்த தமக்கையார் பார்த்தார். நாற்பது ஆண்டுகளாக இம்மைசூரில் வாழ்பவர், நடக்க இயலாதவர். "தம்பி, நம் கண்மாய் பெருகிவிட்டதா?" என்று கண் கலங்கினார். உடனே ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். ஒரு சொட்டு நீர் இல்லை என்றார்கள். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. படத்தைத் திருப்பித் தந்து, "எனக்கு நம் கண்மாயைக் காட்டு, தம்பி, கண்மாய்போல ஒன்றைக் காட்டாதே" என்றார். பேரன் தலை குனிந்தான். அவனைத் தடுக்காத நானும் குனிந்தேன்.

அன்று எனக்கு ஒரு வரம்பு புலப்பட்டது. ஒளியைத் திருத்துவது, கண் கண்டதைக் காமிரா மறைத்ததற்குப் பரிகாரம். பொருளைச் சேர்ப்பதும் நீக்குவதும், கண் காணாததைக் கண்டதாகக் கூறுவது. டிரைப்பின் படங்களில் கோயிலின் கல்லைக் காண விரும்புவோர்க்குக் குறை இல்லை; 1858இல் மதுரையின் வானம் எப்படி இருந்தது என்று கேட்போர்க்கு மட்டும் அங்கே விடை இல்லை. கற்பனைப் படம் குற்றம் என்று நான் கூறவில்லை. கற்பனை என்று சொல்லிக் காட்டுக, அதுவே நேர்மை.

இது நமக்கு ஏன் முக்கியம்? இம்மண்ணில் பிறந்த நம் பிள்ளைகளுட் பலர் பெற்றோரின் ஊரைப் படத்தில்தான் அறிகிறார்கள். ஆகவே மூன்று வேண்டுகோள். மூலப்படத்தை அழியாமல் காப்பாற்றுங்கள். படத்தோடு ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். பொருளை மாற்றியிருந்தால் அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

தமக்கையார் வீட்டுச் சுவரில் இப்போது வறண்ட கண்மாயின் படமே தொங்குகிறது. ஒளி திருத்திய படம்தான். நிலத்தின் வெடிப்பும் ஆலமரத்தின் நிழலும் முன்னினும் தெளிவாகத் தெரிகின்றன. மழை பெய்யும் ஆண்டில் போய் மற்றொரு படம் எடுத்து வருவதாக அவருக்கு வாக்களித்திருக்கிறேன்.