விமானச் சத்தத்துக்கு மட்டும் வேறு அளவுகோலா?



2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் நம் ஜமாஅத்தார் அனைவருக்கும் பழக்கமானவை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல். இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45. பள்ளிவாசல் குழாயின் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதும் இந்த விதிகளைக் காட்டித்தான். அதில் நமக்குக் குறையில்லை. அக்கம்பக்கத்தாரின் தூக்கம் அவர்களுடைய உரிமை.

விமானத்துக்கு வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். 2018 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, ஆண்டுக்கு 50,000 முறைக்கு மேல் விமானங்கள் ஏறி இறங்கும் நிலையங்களின் ஒலி மண்டலத்தில் பகலில் 70, இரவில் 65 வரை இருக்கலாம். மீனம்பாக்கம் இந்த வகைதான். 45-க்கும் 65-க்கும் இருபதுதானே வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். டெசிபல் கணக்கில் இருபது கூடினால் ஒலியின் ஆற்றல் நூறு மடங்கு!

இன்னொன்று, அது சராசரி. எட்டு மணி நேர இரவில் முப்பது விமானங்கள், ஒவ்வொன்றும் இருபது விநாடி 80 டெசிபலில் இரைந்து போனாலும், கூட்டிக் கழித்தால் சராசரி 63 அளவில்தான் வரும். முப்பது முறை குழந்தை விழித்து அழுதாலும் விதி மீறப்படவில்லை. தூங்குகிறவரை எழுப்புவது சராசரி அல்லவே.

அதே 2018 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்குச் சொன்ன விமான இரைச்சல் அளவு, இரவில் 40. ஜெர்மனியின் மியூனிக்கில் 1992-இல் விமான நிலையத்தை வேறிடத்துக்கு மாற்றியபோது பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். பழைய நிலையத்தின் அருகே வாசிப்பும் நினைவாற்றலும் தேறின. புதிய நிலையத்தின் அருகே பின்தங்கின.

திருவேற்காட்டிலிருந்து மீனம்பாக்கம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான். பம்மல், பொழிச்சலூர், கொளப்பாக்கம் பக்கம் நம் சொந்தபந்தங்கள் பலர் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வீடு பார்க்கும்போது தண்ணீரையும் பட்டாவையும் விசாரிக்கிறோம். ஓர் இரவு அங்கே தங்கிப் பார்ப்பதும் நல்லது.

அமைச்சகத்துக்கு நாம் அனுப்பும் மனுவில் மூன்று கோரிக்கைகள்: இரவு வரம்பைக் குறைக்க வேண்டும், சராசரியோடு, ஒரு விமானம் எழுப்பும் உச்ச சத்தத்துக்கும் எல்லை வேண்டும், பரந்தூரில் ஓடுபாதை வருவதற்கு முன்பே இவை நடைமுறைக்கு வர வேண்டும். ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் கையெழுத்துத் தாள் இருக்கும். தாய்மார்களும் வந்து கையெழுத்திடலாம்.