வாவிச் சுவரின் விளக்கு மாடங்கள்



ஒளியால் செய்யும் கலையைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அதற்குக் கண்டித் தலதா மாளிகை வாசலிலிருந்து வாவிக் கரைக்கு இறங்கினால் போதும். அங்கே ஒரு வெள்ளைச் சுவர், முகில் கூட்டம்போல் எழுந்தும் தாழ்ந்தும் ஓடுகிறது. சுவர் நெடுக முக்கோண மாடங்கள். அன்றாடம் அவற்றைக் கடந்துதான் போகிறோம். தேங்காயெண்ணெய் விளக்கு வைப்பதற்கென்றே விடப்பட்ட இடங்கள் அவை.

வயலாகக் கிடந்த நிலத்தை 1807இல் இந்த வாவியாக்கியவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கண்ணுசாமி என்ற பெயரோடு வளர்ந்த நாயக்க வம்சத்தவன். வடிவமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி. மண்ணைச் சுமந்தவர்கள் கூலியில்லாமல் கட்டாயத்துக்கு உழைத்த குடிமக்கள். அவர்கள் பட்ட பாட்டை விட்டுவிட்டு அழகை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. சுவர் வாவியை முழுவதும் வளைக்குமுன், 1815இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தார்கள். மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே கண்மூடினான்.

அந்த மாடங்களிலெல்லாம் சுடர் எரிந்தால் எப்படியிருக்கும்! ஒவ்வொரு சுடருக்கும் கீழே தண்ணீரில் இன்னொரு சுடர். வெசாக் பந்தலில் பல்புகள் ஓடி ஓடிக் கதை சொல்கின்றன. பெரஹராவில் கொப்பறாத் தீவட்டிகள் யானையின் முகபடாமை மின்ன வைக்கின்றன. இரண்டையும் நான் விரும்பிப் பார்ப்பேன். ஆனால் அங்கே நம் கண் வேடிக்கையோடு போய்விடுகிறது. சிறு விளக்கின் முன்னே நின்றால் பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியும், அவர் கையிலிருக்கும் மரக்கறிப் பை தெரியும், நாள் முழுக்க ஓடிய நம் அலுப்பும் தெரியும்.

2003இல் இலண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் ஓலாஃபர் எலியாசன் மஞ்சள் விளக்குகளால் ஒரு சூரியனை எழுப்பினார். மேலே கூரை முழுக்கக் கண்ணாடி. வந்தவர்கள் தரையில் மல்லாந்து படுத்து, அந்த ஒளியில் தங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நமக்கு வாவியே கண்ணாடி. விளக்குதான் இல்லை.

ஆகவே கேட்கிறேன். கார்த்திகையில் விளக்கேற்றினால் மழை கெடுத்துவிடும். தைப்பூசத்தை ஒட்டிய பௌர்ணமிப் போயா விடுமுறையை எடுத்துக்கொள்வோம். அன்று மாலை ஒரு மணி நேரம் அந்த மாடங்களில் விளக்கேற்றுவோம். வீட்டுக்கு ஒரு சிட்டி விளக்கு. ஹந்தானைத் தோட்டத்து லயத்திலிருந்து ஒன்று, கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் பக்கமிருந்து ஒன்று, மீரா மக்காம் பள்ளிவாசலை அண்டிய கடைக்காரர் கையால் ஒன்று, சிங்கள அயலவர் வீட்டிலிருந்து ஒன்று. லயத்துக்கு மின்சாரம் வருமுன் குப்பி விளக்கில் படித்து ஆளானவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். முதல் விளக்கை நீங்கள்தான் ஏற்ற வேண்டும்.

மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். அந்த ஒரு மணி நேரம் வாவிக்கரைத் தெருவில் வாகனம் ஓடாமல் இருக்கட்டும். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய நகரம் இது. பழைய சுவரில் எண்ணெய்க் கறை படக்கூடாது. சிட்டிக்கு அடியில் மண்தட்டு வைக்க வேண்டும், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியும் பெற வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலருகே மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.