வீடு தேடி வரும் சிகிச்சைக்கு நாம் தயாரா?

(பாலவாக்கம் கூட்டத்தில் பேசியது)



2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பக்கவாதம் வந்தவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வந்தது. நம்மைப் போன்ற குழுப் பெண்களே தன்னார்வலர்களாகப் போனார்கள்.

சிகிச்சையாளர் இருப்பது கொஞ்ச நேரம்தான். அதை வீணாக்கலாமா?

தொய்யாத கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போடுவோம். இரண்டு பக்கமும் நிற்க இடம் வேணும். சாப்பாடு ஒரு மணி நேரம் முன்பே முடியட்டும். தளர்வான உடை போடுவோம். மாத்திரை, மருத்துவச் சீட்டு கையருகே இருக்கட்டும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சா தேய்க்க விடாதீங்க. ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்டணும்.

முக்கியமா, மருமகள் மட்டுமல்ல, மகனும் பக்கத்தில் நின்று பயிற்சியைக் கத்துக்கணும். மற்ற நாட்களில் செய்ய வேண்டியது வீட்டில் உள்ளவங்கதானே!